விமானச் சீட்டில் உள்ள நேரமும் நம் கடை நேரமும்

நவராத்திரிக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வதைத் தக்கலைக்காரர்களாகிய நாம் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். முதல் நாள் இரவு குழித்துறை, மறுநாள் இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அதே சாலையில் பேருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. தூரம் ஏறக்குறைய 55 கி.மீ.தான். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போகிற வகையைப் பொறுத்து நேரம் மாறுகிறது.

சாலைப் பயணத்தில் இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து சரக்கு லாரி எப்போது வரும் என்று கேட்டால், கிலோமீட்டரைச் சொல்லாமல், "வில்லுக்குறி தாண்டிவிட்டதா?" என்று திருப்பிக் கேட்கிறவர்கள் நாம். ஆனால் விமானம் என்று வந்தவுடன் இந்தப் புத்தி எங்கோ போய்விடுகிறது. சீட்டில் 1 மணி 25 நிமிடம் என்று போட்டிருந்தால், சென்னை ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். அப்படி நம்பி நாமே ஒரு முறை பணத்தைக் கோட்டைவிட்டிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நமக்கு மேற்கே திருவனந்தபுரம் விமான நிலையம், கிழக்கே தூத்துக்குடி விமான நிலையம். திருவனந்தபுரம் நமக்கு அந்நியம் அல்ல. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். 1935 அக்டோபர் 29 அன்று டாட்டாவின் சிறு விமானம் பம்பாயிலிருந்து அங்கே வந்து இறங்கியது. வந்தவர்களில் பம்பாயில் திருவிதாங்கூர் அரசின் வர்த்தகப் பிரதிநிதியாக இருந்தவரும் ஒருவர் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. நவம்பர் 1 அன்று அந்த விமானம் திரும்பியபோது அஞ்சல் பைகளைக் கொண்டு போனது. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் அஞ்சலில் கடுதாசி போட்டுச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்த கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1991 முதல் அது பன்னாட்டு விமான நிலையம். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. 1992இல் தொடங்கியது. நெடுங்காலம் ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்ததால், விசிறி வைத்த ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களே வந்து போயின. இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, புது முனையமும் கட்டி, 2025 ஜூலை 26 அன்று திறந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு நிலையங்களிலிருந்தும் சென்னை எவ்வளவு தூரம்? இதற்குக் கணிப்பொறி வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம் போதும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை, வடக்கே போகப் போகக் குறையும். நம் பக்கத்தில் ஏறக்குறைய 109 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம் நிலையம் வடக்கு 8.48, கிழக்கு 76.92. சென்னை மீனம்பாக்கம் வடக்கு 12.99, கிழக்கு 80.17. வடக்கே 4.51 பாகை, அதாவது 500 கி.மீ. கிழக்கே 3.25 பாகை, அதாவது 354 கி.மீ. இரண்டையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 613 கி.மீ. வரும். தூத்துக்குடி வடக்கு 8.72, கிழக்கு 78.03. இதே முறையில் போட்டால் சென்னைக்கு 528 கி.மீ. ஆக, தூத்துக்குடியிலிருந்து 85 கி.மீ. குறைவு. (விமானக்காரர்கள் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.)

இதே கணக்கை மற்ற ஊர்களுக்கும் போட்டுப் பார்த்தால் சில வேடிக்கைகள் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு கட்டுநாயக்கா 360 கி.மீ.கூட இல்லை. வானத்து வழியில் நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம்!

இனி நேரம். ஜெட் விமானம் மேலே ஏறிய பிறகு மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும். 613 கி.மீ.க்கு முக்கால் மணி நேரம் போதுமே, சீட்டில் ஏன் 1 மணி 25 நிமிடம் போட்டிருக்கிறார்கள்? மலைப்பாதையில் லோடு லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் முழு வேகம் கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானம் மணிக்கு 460 கி.மீ. வாக்கில்தான் போக வேண்டும் என்று பொதுவான விதி இருக்கிறது. ஏறுவதற்கு இருபது நிமிடம், இறங்குவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் என்று போய்விட்டால், குறுகிய தூரத்தில் முழு வேகம் காட்ட எங்கே இடம்? தவிர, சீட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சக்கரத்துக்குக் கொடுத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி முட்டுக்கட்டை கொடுக்கும் வரை உள்ள நேரம். இதைப் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் இருக்கிற விமானத்துக்காகக் காத்து நிற்பது, சென்னைக்கு மேலே இறங்க இடம் கிடைக்காமல் ஒரு சுற்றுச் சுற்றுவது எல்லாம் இதில் அடக்கம்.

ஆகவே மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறோம். ஜெட் விமானம் என்றால் கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, அதோடு 40 நிமிடம் கூட்டுங்கள். ஏ.டி.ஆர். என்றால் 500ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டுங்கள். திருவனந்தபுரம் – சென்னை 46 நிமிடமும் 40 நிமிடமும் சேர்ந்து 1 மணி 26 நிமிடம். தூத்துக்குடி – சென்னை ஏ.டி.ஆரில் 63 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 1 மணி 33 நிமிடம். சீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். தூரம் குறைவான தூத்துக்குடிக்கு நேரம் கூடுதலாக வருவதைக் கவனித்தீர்களா? வண்டி சிறியது, அதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்போது கைபேசியில் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் தூரமும் பறக்கும் நேரமும் நொடியில் வந்துவிடுகின்றன. தூத்துக்குடி – திருவனந்தபுரம் என்று கேட்டால் 125 கி.மீ., அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் என்று வரும். சரியான கணக்குத்தான். ஆனால் அந்த வழியில் நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. மேலே நாம் போட்டது போன்ற ஒரு கணக்கைத்தான் அந்த இயந்திரமும் போட்டுக் காட்டுகிறது. விமானம் இருக்கிறதா, இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. விமானத்தில்தான் போவேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், தூத்துக்குடியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து திருவனந்தபுரம் வர வேண்டும். 528ம் 613ம் சேர்ந்து 1,141 கி.மீ. 125 கி.மீ. தூரத்தில் உள்ள ஊருக்கு! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான். சாலையில் போனால் நடுவே மலை இருப்பதால் திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி கணவாய், நாகர்கோவில், தக்கலை என்று சுற்றித்தான் வர வேண்டும். ஆனாலும் காலையில் புறப்பட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

இப்போது நம் சொந்தக் கதை. 2013இல் சென்னையில் ஒரு மொத்தக் கடைக்கு நாம் மாறாமலைக் கிராம்பு அனுப்பி வந்தோம். பாக்கி ஒன்றரை லட்சத்துக்கு மேல் நின்றது. அந்தக் கடைக்காரர் மஞ்சள் கடிதாசி கொடுக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. கொடுத்தவர்கள் எல்லாரும் குறிப்பிட்ட நாளில் காலை பத்தரை மணிக்குக் கூடுவதாகவும், கிட்டங்கியில் இருக்கிற சரக்கை வந்தவர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துக் கணக்கை முடிப்பதாகவும், இரண்டு நாள் முன்னதாகவே நமக்குத் தகவல் வந்துவிட்டது. முந்தின நாள் மாலை நாகர்கோவிலில் ரயில் ஏறியிருக்கலாம். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். "ஒன்றரை மணி நேரத்தில் போகிற ஊருக்கு எதற்கு ராத்திரி முழுக்க ரயிலில் குலுங்க வேண்டும்?" என்று காலை 7 மணி விமானத்துக்குச் சீட்டுப் போட்டோம்.

அதிகாலை 4 மணிக்குத் தக்கலையிலிருந்து கார் புறப்பட்டது. சாலை காலியாக இருந்தது. பாலராமபுரம் தாண்டி ஒரு சாயாகூடக் குடித்தோம். கார் நேரே சாக்கைப் பக்கம் போய் நின்றது. நம் ஊர் டிரைவர்களுக்கு விமான நிலையம் என்றால் வளைகுடா போகிறவர்களை இறக்கிவிடும் இடம்தான். "அண்ணாச்சி, உள்நாடா வெளிநாடா என்று நீங்க சொல்லலியே" என்றார் அவர். நியாயமான கேள்விதான். நாம் சொல்லவில்லை. உள்நாட்டு விமானத்துக்கு ஓடுபாதையின் மறுபக்கம், சங்குமுகம் கடற்கரை ஓரமாகப் போக வேண்டும். ஓடுபாதையைக் குறுக்கே தாண்ட முடியாது. ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். வழி தெரியாமல் ஒரு இடத்தில் திரும்பி, ரயில்வே கேட் போல நின்ற ஒரு நெரிசலில் மாட்டி, சங்குமுகம் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியாயிற்று. விமானம் கண் முன்னே நிற்கிறது, ஏற முடியவில்லை.

அடுத்த விமானத்தில் போய் மண்ணடியை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. பங்கு பிரித்து, கையெழுத்து வாங்கி, கிட்டங்கியைப் பூட்டிவிட்டார்கள். வந்தவர்களுக்கு ரூபாய்க்கு எட்டணா வீதம் சரக்காகக் கிடைத்திருந்தது. நமக்கு ஒரு வருத்தமும் ஒரு காப்பியும் கிடைத்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் ரயில் ஏறியவர்கள் காலை ஏழு மணிக்கே எழும்பூரில் இறங்கிக் குளித்து முழுகி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று முதல் நாம் விமான நேரத்தை வேறு விதமாகக் கணக்கிடுகிறோம். தக்கலையில் கடையைப் பூட்டுவது முதல் சென்னையில் அந்தக் கடையின் படி ஏறுவது வரை. திருவனந்தபுரம் வழியென்றால் காரில் இரண்டு மணி. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலைப் பார்த்துப் பகல் வேளையில் அரை மணி கூட்டிக்கொள்ளவும். கவுண்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். விமானம் ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலேயே மெட்ரோ ஏறினால் மண்ணடியிலேயே இறங்கலாம். அதற்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் ஆறரை மணி நேரம். தூத்துக்குடி வழியென்றால் வாகைக்குளத்துக்கு ஏறக்குறைய 130 கி.மீ. சாலை நன்றாக இருப்பதால் இரண்டரை மணி முதல் இரண்டே முக்கால் மணி வரை. மற்றவற்றையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேலே போகும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழி, பணகுடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மாறும். அவர்கள் தங்கள் கணக்கைத் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

ரயிலில், 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத்துக்கு ஏறக்குறைய 9 மணி நேரம். இரவு ரயிலுக்கு 12, 13 மணி நேரம். ஆனால் இந்த மணி நேரங்கள் எல்லாம் ஒரே விலை அல்ல. வியாபாரிக்கு மணி நேரம் இரண்டு வகை. கடை திறந்திருக்கிற நேரம் ஒன்று, பூட்டியிருக்கிற நேரம் ஒன்று. காலை விமானத்தில் போய் மாலை விமானத்தில் திரும்பினால் நமக்குப் போவது ஒரு முழுக் கடை நாள். மாலை ரயிலில் போய் மறுநாள் மாலை ரயிலில் திரும்பினால் போவது ஒரு முழு நாளும், முதல் நாள் மாலை ஒரு நாலு மணி நேரமும். அப்படியானால் விமானம் மிச்சப்படுத்தித் தருவது அந்த நாலு மணி நேர வியாபாரம் மட்டுமே. சீட்டு விலையில் உள்ள வித்தியாசத்தையும், மாலை நாலு மணி நேரத்தில் உங்கள் கல்லாவில் விழுவதில் நிற்கும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பலசரக்குக் கடைக்கு மாலை நேரம்தான் வியாபாரம் என்பதால் சிலருக்கு விமானமே லாபமாகக்கூட வரலாம். நமக்குப் பெரும்பாலும் ரயில்தான் வருகிறது. உடம்பு முடியாதவர்களுக்கும், அவசரச் சாவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அங்கே இன்னொரு குழப்பம் உண்டு. சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம். சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்பட்டுத் துபாயில் பகல் 12.40க்குச் சேரும் என்று போட்டிருந்தால், 2 மணி 40 நிமிடம் அல்ல; ஒன்றரை மணியைக் கூட்டி 4 மணி 10 நிமிடம். திரும்பி வரும்போது ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும். ஓமானுக்கும் இதே ஒன்றரை மணிதான். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். கொழும்புக்கு வித்தியாசம் இல்லை.

சரக்குக்கும் வீட்டுக்கணக்கு ஒன்று உண்டு. தோவாளையில் விடியற்காலை வாங்கிய பூவை வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்கள், விமானம் நாலு மணி நேரம்தானே என்று இருப்பதில்லை. கட்டு, பெட்டி, சுங்கம், பரிசோதனை என்று புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெட்டியின் எடையை மட்டும் பார்க்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்து வருகிற எடை, தராசு எடையைவிடக் கூடுதல் என்றால் அதற்குத்தான் கூலி. 60, 50, 40 அளவுள்ள பெட்டிக்கு 20 கிலோ. உள்ளே 12 கிலோ பூ இருந்தாலும் 20 கிலோவுக்குக் கொடுக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு இருந்தாலும் தரையில் நிற்கிற நேரமும் கணக்கில் சேரும் என்பதற்கு 2025இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கி, கோளாறு ஏற்பட்டு, ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. அந்த நாட்களில் நாம் அதே ஓடுபாதைப் பக்கமாகப் பேருந்தில் இரண்டு முறை போய் வந்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்த இரண்டு நாட்களிலும் மாலை 4 மணி வாக்கிலிருந்து இரவு வரை விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நேரத்தை முன்கூட்டியே அறிவித்து மாற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் மாலை விமானத்துக்குச் சீட்டு எடுப்பவர்கள் பஞ்சாங்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். எந்த நாளானாலும் சீட்டில் எந்த டெர்மினல் என்று போட்டிருக்கும். நாம் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கார் ஏறும் முன்பே டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.